பெட்டி 4கே, படம் 4கேயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாக்குமென்டரி சிட்காம் ஒன்றை அல்ட்ரா எச்டியில், அதாவது 4கேயில், பார்க்க என்னென்ன வேண்டும் என்று தங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 4கே டிவி, வேகமான இணையம், உயர்ந்த சந்தா என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிட்டது. மூன்றும் வேண்டும்தான். ஆனால் மூன்றும் இருந்தும் திரையில் ஓடுவது 1080 வரி கொண்ட முழு எச்டியாக இருக்கலாம். நிஜமாகவே 4கே ஓடினாலும் நகைச்சுவை செத்துக் கிடக்கலாம். இந்த வகைத் தொடருக்கு இரண்டாவதுதான் பெரிய சிக்கல். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆவணப்படம் எடுக்க வந்த குழு ஒன்று பள்ளிக்குள் சுற்றித் திரிகிறது என்பதுதான் மாக்குமென்டரியின் பாவனை. கேமரா ஸ்டாண்டில் நிற்காது. தோளில் உட்கார்ந்து லேசாக ஆடிக்கொண்டிருக்கும். தலைமை ஆசிரியர் எதையோ உளறுவார். கேமரா சட்டென்று திரும்பி, வாசலில் நிற்கும் ஆசிரியையின் முகத்துக்கு ஜூம் போகும். அவர் அரை நொடி லென்ஸைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். வசனம் கிடையாது, பின்னால் சிரிப்பொலியும் கிடையாது. அந்த அரை நொடிதான் ஜோக். நொடிக்கு 24 பிரேம் கணக்கில் அது வெறும் 12 பிரேம். அந்த 12 பிரேமை டிவி என்ன பாடுபடுத்துகிறது என்பதைப் பார்க்காமல் பிக்சலை எண்ணிப் பயனில்லை.

புது டிவியை மாட்டும்போதே பெரும்பாலும் அதில் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர்கள்தான் வேறு. வேலை ஒன்றே: வந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே, டிவி தானாகக் கற்பனை செய்த பிரேம்களைச் செருகுவது. மைதானத்தில் உருளும் பந்துக்கு அது சரிப்படும். சட்டென்று திரும்பும் கேமராவில் முதல் பிரேமில் இருந்த சுவர் அடுத்த பிரேமில் இருக்காது. எது எங்கே போனது என்று டிவிக்குப் பிடிபடாது. காதோரமும் முடி விளிம்பும் கிழிந்து நெளியும். ஆட்டிய கையில் விரல் ஒன்று கரைந்துபோய்த் திரும்ப முளைக்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறு. தெரியாத கோளாறு அதைவிட மோசம். 'அடடா, இதைப் பார்!' என்று கேமராக்காரர் திடுக்கிட்டுத் திரும்பியதாக நமக்குத் தோன்ற வேண்டிய வீச்சு, எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி வழுக்கிப் போய்விடும். திடுக்கிட்டது மனிதன் என்ற எண்ணமே வராது. எனவே முதல் வேலை, அதை அணைப்பது. 'குறைவு' என்று வைத்தால் போதாது, முழுக்க ஆஃப். பல டிவிகளில் பட முறையை ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றினாலே இது அணைந்துவிடும். டிவி, படத் தயாரிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் 2019-ல் கொண்டுவந்த அந்த முறை, கூர்மை கூட்டுவது, இரைச்சல் நீக்குவது போன்ற ஒப்பனைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

ஸ்மூத்திங்கை அணைத்ததும் சிலர், 'இப்போது படம் தடக் தடக்கென்று போகிறதே' என்று மறுபடி போட்டுவிடுகிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க சிட்காம்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம் கணக்கில் எடுக்கப்படுபவை. கச்சிதமாகச் சொன்னால் 23.976. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் பெட்டியோ 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, அனுப்புகிறது. 24-ஐ 60-க்குள் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு பிரேம் 2 முறை, அடுத்தது 3 முறை என்று மாறி மாறிக் காட்டப்படும். அதாவது ஒன்று 33 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 50. வகுப்பறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேமரா மெல்ல நகரும்போது தெரியும் நொண்டல் இதுதான். பெட்டியை 50 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால் நொடிக்கு இரண்டு தடவை குலுக்கிப்போடும். மருந்து எளிது: பெட்டியின் அமைப்பில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' என்பதை ஆன் செய்யுங்கள். ஆப்பிள் டிவி 4கேயில் 'மேட்ச் கன்டென்ட்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஃபயர் டிவியிலும் கூகுள் டிவியிலும் திரை அமைப்புக்குள் இருக்கும். அதன்பின் பெட்டி 24-ஐ 24 ஆகவே அனுப்பும். 120 ஹெர்ட்ஸ் பேனலாக இருந்தால் ஒவ்வொரு பிரேமும் சரியாக 5 முறை, அதாவது 41.7 மில்லிநொடி நிற்கும்; நொண்டல் போய்விடும். தொடரைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் திரை ஓரிரு நொடி கருத்து மீளும். அது பழுதல்ல, பெட்டியும் டிவியும் புதிய வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும் நேரம்.

இனி பிட்ரேட், அதாவது படத்துக்காக நொடிக்கு நொடி வந்து சேரும் டேட்டாவின் அளவு. இந்த வகைத் தொடரில் பிக்சல் எண்ணிக்கையை விட முக்கியம் இதுதான் என்பது என் கட்சி.

4கே படம் பெரும்பாலும் எச்.265 முறையில் சுருக்கப்பட்டு வருகிறது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அதிகபட்சம் 64-க்கு 64 பிக்சல், 'இந்தக் கட்டம் போன பிரேமில் இன்ன இடத்தில் இருந்தது, இவ்வளவு நகர்ந்தது' என்று மட்டும் எழுதி மிச்சம் பிடிப்பதே அதன் தந்திரம். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும் பேட்டிக் காட்சியில் இது பிரமாதமாக வேலை செய்யும். பின்னால் உள்ள அலமாரி அசையாது. மிச்சமான பிட் எல்லாம் முகத்துக்குப் போகும். புருவத்தின் ஒரு முடி கூடத் துல்லியமாக நிற்கும். ஆனால் சட்டென்று ஜூம் போகும்போது கட்டங்கள் நகர்வது மட்டுமல்ல, பெரிதாகவும் ஆகின்றன. பெரிதாவதை 'இவ்வளவு நகர்ந்தது' என்ற கணக்கில் அடக்க முடியாது. கேமரா வீசித் திரும்பினாலோ பாதிப் படம் முற்றிலும் புதியது. பிட் தேவை அந்த நொடியில் எகிறும்; குழாயின் அளவோ மாறாது. வீச்சு நடக்கும்போது படம் தானே மங்கலாக இருப்பதால் கண் மன்னித்துவிடும். மன்னிக்காத இடம், கேமரா நின்ற கணம். பிட் பற்றாத ஓடையில் (ஸ்ட்ரீமில்) ஆசிரியையின் முகம் ஈரச் சாயம் போல வந்து நிற்கும். மூக்கும் கண்ணும் தெளிய நாலைந்து பிரேம் பிடிக்கும். நமக்கு இருந்ததே 12 பிரேம். அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பிட் பற்றாக்குறையான 4கேயை விட நன்றாக ஊட்டப்பட்ட 1080 இந்த இடத்தில் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

எவ்வளவு பிட் வேண்டும்? 4கேக்கு நெட்ஃபிளிக்ஸ் நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது, டிஸ்னி பிளஸ் 25 என்கிறது. இது அந்த ஒரு திரைக்கு மட்டும் இடைவிடாமல் கிடைக்க வேண்டிய அளவு. வீட்டு இணைப்பின் மொத்த எண் அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு முட்டி மோதிக்கொண்டு இந்த எண்ணை நிலையாகப் பிடிப்பது கஷ்டம்; 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் கேபிள் போடுங்கள். பல டிவிகளின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடுவதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். 25 தேவைப்படும் இடத்தில் 100 தாராளம். வேகத்தைச் சோதிப்பதானால் டிவியிலோ பெட்டியிலோ சோதியுங்கள். ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் பார்த்த எண், மூன்று சுவர் தாண்டி இருக்கும் டிவிக்குப் பொருந்தாது.

இன்னொன்று. ஓடை பெரும்பாலும் கீழ்ப்படியில் தொடங்கித்தான் மேலே ஏறும். முதல் சில நொடி, இணைப்பு மந்தமாக இருந்தால் அரை நிமிடம் வரை, படம் மங்கலாக இருக்கும். சிட்காமில் பெயர் ஓடுவதற்கு முன்பே ஒரு முழு நகைச்சுவைக் காட்சி வந்துவிடும். தெளிந்த பிறகு, இழந்ததைப் பார்க்க பின்னால் தள்ளுங்கள். பல செயலிகள் அந்தப் பகுதியை மேல்தரத்தில் மறுபடி இறக்கிக்கொள்ளும்.

சரி, மூலமே 4கேயா? 4கே டிவியில் எது ஓடினாலும் 3840-க்கு 2160 ஆக நீட்டப்பட்டுத்தான் தெரியும். நீட்டப்பட்டது வேறு, அப்படியே எடுக்கப்பட்டது வேறு. 3840-க்கு 2160 என்றால் 82,94,400 பிக்சல். முழு எச்டி அதில் கால்வாசி. 720 வரி என்றால் 9,21,600, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளி மாக்குமென்டரி என்றதும் பலருக்கு நினைவு வரும் அபாட் எலிமென்டரியையே எடுத்துக்கொள்வோம். ஃபிலடெல்ஃபியாவின் அரசுப் பள்ளி ஒன்றில் நடப்பதாக க்வின்டா ப்ரன்சன் உருவாக்கிய தொடர்; 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் ஏபிசியில் தொடங்கியது. ஏபிசியின் ஒளிபரப்பு 720 வரி. ஆன்டெனாவில் பார்ப்பவர் எவ்வளவு பெரிய 4கே டிவி வைத்திருந்தாலும் அவருக்கு வந்து சேர்வது அந்த 9 லட்சத்துச் சொச்சம் பிக்சல்தான். அதே அத்தியாயம் ஸ்ட்ரீமிங்கில் அதைவிடக் கூடுதல் தரத்தில் கிடைக்க வழி உண்டு. எந்தத் தொடரானாலும் அதன் விவரப் பக்கத்தில் 4கே அல்லது யுஎச்டி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை தொடருக்குத் தொடர் மட்டுமல்ல, நாட்டுக்கு நாடும் தளத்துக்குத் தளமும் மாறும். பல தளங்களில் சந்தாவின் உச்சப் படியில் இல்லாதவருக்கு அந்த முத்திரையே காட்டப்படாது.

முத்திரை இல்லாமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. 2010-ல் வந்த ஆரி அலெக்சா கேமரா தொலைக்காட்சித் துறையின் செல்லப்பிள்ளை. அதன் 16:9 சென்சார் 2880-க்கு 1620 பிக்சல், 4கே அல்ல. அந்தக் கேமராவில் எடுத்து எச்டியில் முடித்த தொடர்களுக்கு 4கே மூலம் என்ற ஒன்றே கிடையாது. அதே நிறுவனம் 4.6கே சென்சாருடன் அலெக்சா 35-ஐக் கொண்டுவந்தது 2022-ல். இன்னும் பின்னால் போனால், அலுவலகத்தைக் களமாக வைத்து 2001-ல் பிபிசியில் வந்து இந்த வகைக்கே வழிபோட்ட தொடர் 576 வரியில் எடுக்கப்பட்டது. அதை எந்தப் பெட்டியில் போட்டாலும் அவ்வளவுதான்.

மூலம் இருந்தும் 4கே வராமல் போவதற்குப் பெரும்பாலும் திருட்டுத் தடுப்புப் பூட்டு காரணம். பெட்டி, நடுவில் உள்ள ஆம்ப்ளிஃபையர், டிவி என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எச்டிசிபி 2.2 என்ற அந்தப் பூட்டு முறையை ஏற்க வேண்டும். ஒரு கண்ணி பழசாக இருந்தாலும் படம் 1080-க்கு இறங்கும், அல்லது திரை கருத்துவிடும். பழைய ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் பெட்டியை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும், டிவியிலிருந்து வெளியே அனுப்பும் ஏஆர்சி துளை வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பினால் தீர்ந்தது. செயலிக்கும் பூட்டு உண்டு. ஆண்ட்ராய்டு வகைப் பெட்டியில் வைட்வைன் எல்1 சான்று இருக்க வேண்டும். கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால், அட்டைப்பெட்டியில் 4கே என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் 480 வரி அளவிலேயே நிறுத்திவிடுவார்கள். கணினியில் பார்ப்பவர்களுக்கும் இதே கதை. பல பிரவுசர்கள் 720-லோ 1080-லோ நின்றுவிடும்.

கேபிளைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' போதும். ஆனால் டிவியின் துளைக்கு ஒரு திறவுகோல் உண்டு. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றும் பழைய முறையில் பூட்டியே வரலாம். எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மேட்' என்று தேடி, பெட்டி செருகியுள்ள துளைக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு 4கேதான் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரிமோட்டின் தகவல் பொத்தானை அழுத்தி, '3840×2160' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். வெளிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் எதையும் நிரூபிப்பதில்லை. வரும் படம் 720 ஆனாலும் பெட்டியே அதை 2160-க்கு நீட்டித்தான் டிவிக்குத் தருகிறது. டிவி தனக்கு வந்ததைச் சொல்கிறது, பெட்டிக்கு வந்ததை அல்ல. டேட்டாவை அளப்பது நம்பகமான வழி. வீட்டில் மற்ற கருவிகளை நிறுத்தி வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தப் பெட்டி இழுத்த டேட்டாவின் அளவைக் குறித்துக்கொண்டு ஒரு அத்தியாயம் முழுவதும் ஓடவிடுங்கள். விளம்பரம் நீங்கலாக 22 நிமிடம் என்றால் 1,320 நொடி. எச்டியில் 5 மெகாபிட் வீதம் ஓடினால் 825 எம்பி ஆகும். 4கேயில் 15 மெகாபிட் வீதம் ஓடினால் கிட்டத்தட்ட 2.5 ஜிபி. பேட்டிக் காட்சி நிறைய உள்ள அத்தியாயம் கொஞ்சம் குறைவாகவே இழுக்கும். 2 ஜிபியைத் தாண்டினால் சந்தேகம் வேண்டாம். 1 ஜிபிக்குள் அடங்கிவிட்டால் பெரும்பாலும் எங்கோ கண்ணி அறுந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. இயல்பான பார்வை பிரித்தறியும் எல்லையைக் கணக்கில் எடுத்தால், 4கேயின் பிக்சல் முழுவதும் பயன்பட திரை உயரத்தைப் போல 1.6 மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். 3.2 மடங்கைத் தாண்டினால் முழு எச்டிக்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது அரிது. 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 68 செ.மீ. ஆக 1.1 மீட்டருக்கும் 2.2 மீட்டருக்கும் நடுவே சோபா இருந்தால்தான் கூடுதல் பிக்சலுக்கு வேலை. 3 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு சந்தாவை உயர்த்துவது தண்டம்.

அந்தத் தூரத்தில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? பள்ளித் தொடரில் சுவர்தான் கிடைக்கும், கேலியாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் பாதி அழிக்கப்பட்ட வாக்கியம், தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையில் பின் குத்திய காகிதம், பிள்ளைகள் வரைந்ததாக ஒட்டியிருக்கும் படத்தின் அடியில் கோணல் எழுத்து என்று கலை இயக்கக் குழு வசனமில்லாத ஜோக்குகளை அங்கேதான் ஒளித்துவைக்கிறது. 720-ல் அவை கோடுகள், 4கேயில் வாசிக்கலாம்.

அந்த எழுத்துகளை வைத்தே கூர்மையையும் சரி செய்துவிடலாம். அறிவிப்புப் பலகை வரும் காட்சியில் நிறுத்துங்கள். கருப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு பூத்திருந்தால் 'ஷார்ப்னஸ்' அதிகம். அந்தக் கோடு மறையும் வரை குறையுங்கள். சில நிறுவனங்களின் டிவியில் நடுநிலை 0, சிலவற்றில் 50. எண்ணைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அணைந்திருக்கட்டும். ஆவணப்படத் தோற்றத்துக்காக விட்டுவைத்த நுண்புள்ளிகளை அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால் முகத்தில் மெழுகு பூசியது போல ஆகிவிடும்.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் இந்த வகைக்கு அவ்வளவு முக்கியமில்லை. டியூப்லைட்டின் கீழ் தட்டையாக ஒளியமைத்த வகுப்பறை. பளீரென்று இருப்பது ஜன்னல் மட்டும். பெட்டியை 'எப்போதும் எச்டிஆர்' என்று வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. சாதாரணப் படத்தையும் அது எச்டிஆர் உறையில் போட்டு அனுப்ப, ஆசிரியர்கள் எல்லோரும் வெயிலில் நின்றது போலச் சிவந்திருப்பார்கள். 'மேட்ச் டைனமிக் ரேஞ்ச்' ஆனில் இருந்தால் அந்த வம்பு இல்லை. எச்டிஆரில் வெள்ளைச் சப்டைட்டில் கண்ணைக் குத்தினால் அதன் நிறத்தைச் சாம்பலுக்கு மாற்றுங்கள்.

உதடும் ஒலியும் பிசகினால் வேறு தொடரில் தப்பிக்கலாம். முகத்தை நேரே காட்டும் பேட்டிக் காட்சியில் முடியாது. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பிடிபடும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. பிந்தினால் 125 வரை பிடிபடாது. சவுண்ட்பாரில் 'ஆடியோ டிலே'யைப் பத்துப் பத்தாக மாற்றி, 'ப', 'ம' ஒலிகளில் உதடு மூடும் இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

கடைசியாக, மேலே சொன்ன பட அமைப்புகள் ஒரே இடத்தில் சேமிக்கப்படுவதில்லை. சாதாரணப் படம், எச்டிஆரின் வகைகளான எச்டிஆர்10, டால்பி விஷன் ஒவ்வொன்றுக்கும் டிவி தனித்தனி நினைவு வைத்திருக்கிறது. சில டிவிகளில் துளைக்குத் துளையும், உள்ளே இருக்கும் செயலிக்கும் வேறு வேறு. நேற்று அணைத்த ஸ்மூத்திங் இன்று வேறொரு தொடரில் திரும்ப வந்து நிற்பது அதனால்தான். ஒவ்வொரு வகைக் காட்சியையும் ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தொலைக்காட்சித் தொழில்நுட்பம் அறிந்த வாசகர்